நிழலும் நெருப்பும்: மத்தியதரைக் கடல் நாடுகளின் திறந்தவெளி அடுக்களை

மத்தியதரைக் கடல் வகைத் தட்பவெப்பத்தைப் பற்றிப் பூகோளப் பாடத்தில் ஒரு வாக்கியத்தை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். கோடை வறண்டது, மழை குளிர்காலத்தில் பெய்யும் என்பதே அது. தேர்வில் இரண்டு மதிப்பெண் பெற்றுத் தரும் அந்த வாக்கியம், அங்குள்ள மக்கள் எங்கே சமைக்கிறார்கள், எங்கே அமர்ந்து உண்கிறார்கள் என்பதைக்கூடத் தீர்மானித்திருக்கிறது. கிரேக்க நாட்டிலும், தென் இத்தாலியிலும், ஸ்பெயினின் தென்கரையிலும் ஜூன் முதல் ஆகஸ்டு முடிய வானத்தில் மேகத்தைக் காண்பது அரிது. மழைக்குப் பயந்து அடுப்பைக் கூரைக்கடியில் வைக்கவேண்டிய தேவை அந்த மாதங்களில் இல்லை. அடுப்பை உள்ளே வைத்தால்தான் தொல்லை. அந்த வீடுகளின் கற்சுவர்கள் தடிப்பானவை. இரவுக் குளிர்ச்சியைப் பகல் முழுவதும் காத்து வைத்திருப்பவை. உள்ளே விறகு எரித்தால் காத்த குளிர்ச்சியெல்லாம் ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

ஆகவே கோடை வந்தவுடன் அடுப்பு வெளியே வந்தது. வீட்டு முற்றத்திலோ, மலைச்சரிவில் கல்பாவிச் சமன்செய்த மேடையிலோ, தட்டையான மொட்டைமாடியிலோ அது இடம் பிடித்தது. அடுப்பைத் தொடர்ந்து மேசையும் பெஞ்சும் வந்தன. மேசைக்கு மேல் நிழல் வேண்டியதாயிற்று. நிழலும் வேண்டும், நெருப்பும் வேண்டும்; ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. இந்தச் சிக்கலை அந்நாட்டு மக்கள் எவ்வாறு தீர்த்துக்கொண்டார்கள் என்பதே நாம் இங்கே படிக்க எடுத்துக்கொண்ட பொருள். மனையியல் பாடமும், பௌதிகமும், பூகோளமும் இதில் ஒன்றாகக் கலந்து வருவதால் எங்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

இந்த வழக்கம் நேற்று இன்று தோன்றியதன்று. கி.பி. 79-ஆம் ஆண்டு வெசூவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலில் மூடிய பொம்பேய் நகரைத் தோண்டியபோது, பல வீட்டுத் தோட்டங்களில் கல்லால் கட்டிய சாய்வு மேடைகள் கிடைத்தன. மூன்று பக்கம் மேடை, நடுவில் உணவு வைக்கும் பீடம், மேலே கொடி படரத் தூண்கள் என்பது அவற்றின் அமைப்பு. கோடை மாலைகளில் ரோமர் அங்கே சாய்ந்தபடி உண்டார்கள். அருகில் தண்ணீர் ஓட வாய்க்கால் அமைத்த வீடுகளும் உண்டு. கொடிப் பந்தலுக்கு இத்தாலியர் இன்று சொல்லும் 'பெர்கோலா' என்ற சொல்லே பழைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

விவிலியத்தைத் திறந்தாலும் இதே மேல்தளங்களைப் பார்க்கலாம். புதிய வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும், இல்லையேல் யாராவது விழுந்து இறந்தால் அந்தப் பழி அவன் வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஆட்கள் நடமாடாத கூரைக்குச் சுவர் எதற்கு? மாடி அவர்களுக்கு ஓர் அறையாகவே இருந்தது. நெகேமியா காலத்தில் கூடாரத் திருவிழாவுக்காக மக்கள் ஒலிவக் கிளைகளையும் பேரீச்சங் கிளைகளையும் கொண்டுவந்து வீட்டு மாடிகளில் பந்தல் போட்டார்கள். புனித இராயப்பர் யோப்பா நகரில் நண்பகலில் செபிக்க மாடிக்குச் சென்றபோது அவருக்குப் பசித்தது. உணவு தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தப் புகழ்பெற்ற காட்சியைக் கண்டார் என்று அப்போஸ்தலர் பணி 10-ஆம் அதிகாரம் சொல்கிறது. நண்பகலில் மாடியில் இருந்தாரென்றால் மேலே ஏதாவது ஒரு நிழல் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது; விவிலியம் அதைச் சொல்லவில்லை, இது எங்கள் ஊகமே.

இனி நிழலைப் பற்றிப் பார்ப்போம். பந்தல் போட்டால் அதன் கீழே நிழல் விழும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். சூரியன் நேர் உச்சியில் நின்றால் மட்டுமே அது உண்மை. ஏதென்ஸ் நகரம் ஏறக்குறைய 38 பாகை வட அட்சத்தில் உள்ளது. அங்கே சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வருவதில்லை. ஜூன் 21-ஆம் தேதி நண்பகலில்கூட அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 75 பாகை உயரத்தில், தெற்குப் பக்கமாகவே நிற்கும். திருச்சியிலோ அதே நாளில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடும். நம் ஊரில் பந்தல் போடும் அறிவை அப்படியே அங்கே கொண்டுபோனால் பொருந்தாது.

பந்தலின் உயரம் இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏதென்ஸில் ஜூன் நண்பகலில் அதன் நிழல் வடக்கே 65 சென்டிமீட்டர்தான் தள்ளி விழும். அது பெரிய தொல்லை இல்லை. ஆனால் சூரியக் கணக்கில் மாலை 4 மணிக்குச் சூரியன் 37 பாகை உயரத்துக்கு இறங்கி, நேர் மேற்கே நிற்கும். அப்போது நிழல் கிழக்கே 3 மீட்டருக்குமேல் தள்ளிப் போய்விடும். மூன்று மீட்டர் அகலப் பந்தலின் கீழ் அமர்ந்திருப்பவர் முழு வெயிலில் இருப்பார். அவருடைய நிழல் பக்கத்து வீட்டுக் கோழிக்குப் பயன்படும்! கணக்கு ஆசிரியை கற்றுத்தரும் திரிகோண கணிதத்தை வைத்து இதை யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். இதனால்தான் அந்நாடுகளில் மேலே பந்தல் போட்டாலும் மேற்குப் பக்கத்தில் நாணல் தட்டியோ, தொங்கும் துணியோ, ஒரு கொடியோ கட்டாயம் வைக்கிறார்கள். மேல் நிழல் நண்பகலுக்கு. பக்க நிழல் மாலைக்கு.

டிசம்பரில் கதை மாறுகிறது. ஏதென்ஸில் நண்பகல் சூரியன் 29 பாகை உயரம்கூட ஏறுவதில்லை. அப்போது வெயில் பகை அன்று, விருந்தாளி. பந்தல் அதைத் தடுக்கக் கூடாது. கோடையில் மூடவும் குளிர்காலத்தில் திறக்கவும் வல்ல கூரை வேண்டுமென்றால் என்ன செய்வது? இந்த இடத்தில்தான் கொடிமுந்திரி வருகிறது. திராட்சை என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்தக் கொடி சித்திரை மாதவாக்கில் துளிர்த்து, ஜூனில் முழு இலையோடு நின்று, இலையுதிர்காலம் முடிவதற்குள் ஒரு இலையும் இல்லாமல் உதிர்த்துவிடும். யாரும் ஏறிக் கழற்றவேண்டாம், மறுபடி கட்டவேண்டாம். இதைக் காட்டிலும் அறிவுள்ள கூரையை எந்தப் பொறியாளரும் செய்ததாக நாங்கள் அறியவில்லை.

கொடிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தகரத்தின் கீழே நின்றால் வெயில் படாது. ஆனாலும் தலை காந்தும். தகரம் தான் வாங்கிய வெப்பத்தைக் கீழே கதிர்வீசுகிறது. துணியும் ஓரளவு அப்படியே. இலையோ நீராவிப்போக்கினால் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. காற்றும் இலைகளுக்கு இடையே புகுந்து மேலே போய்விடுகிறது. புடலைப் பந்தலின் கீழேயும் தகரக் கொட்டகையின் கீழேயும் ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. குறைகளும் உண்டு. பழம் கனியும்போது குளவி மொய்க்கும். மேசையில் பழம் விழுந்து கறைபடும். நட்ட பிறகு நல்ல நிழல் கிடைக்க மூன்று ஆண்டாவது பொறுக்கவேண்டும். அதுவரை நாணல் பாய்தான்.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையும் பந்தலில்தான் படர்கிறது. பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் 1832-இல் அந்த இனத்தைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அங்கே கடுங்குளிர் இல்லாததால் கொடி தானாக உறங்குவதில்லை. கவாத்து செய்துதான் அதைப் புதிதாகத் துளிர்க்க வைக்கிறார்கள்.

நாணல் பாயையும் துணியையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். தென்பிரான்சிலும் ஸ்பெயினிலும் ஆற்றோரம் வளரும் பெருநாணலைக் கம்பியால் பின்னிப் பாயாக்கிப் பந்தலின்மேல் விரிக்கிறார்கள். நம் தென்னங்கீற்றுக்கு அது தம்பி முறை. ஸ்பெயினின் செவில்லா நகரில் கோடைக்காலத்தில் குறுகிய கடைத்தெருக்களின் குறுக்கே மாடிக்கு மாடி வெள்ளைத் துணி இழுத்துக் கட்டுவார்கள். தொலேதோ நகரில் தேவ நற்கருணைத் திருநாள் பவனி செல்லும் வீதிகள் முழுவதும் இப்படித் துணிவிதானம் கட்டப்படுகிறது. துணி கட்டுவதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றே: வெளிர் நிறத் துணியை உயரமாக, பக்கங்களைத் திறந்துவிட்டுக் கட்டவேண்டும். தாழக் கட்டினால் அனல் காற்று அதன் கீழேயே தங்கிவிடும்.

நிழல் ஆடம்பரம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2003-ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவில் வீசிய வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். 2021 ஆகஸ்டு 11-ஆம் தேதி இத்தாலியின் சிசிலித் தீவில் 48.8 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அத்தகைய நாளில் திறந்த மாடியில் நின்று சமைப்பது மடமை. அதனால் அங்குள்ளோர் நேரத்தையும் ஒரு நிழலாகப் பயன்படுத்துகிறார்கள். அடுப்பு வேலை விடியற்காலையில் அல்லது பொழுது சாய்ந்த பிறகு. நண்பகலில் கதவுகளை அடைத்து ஓய்வு. இரவு 9 மணிக்குமேல் சாப்பாடு. இதை நம் ஊர்க்காரர் சிலர் சோம்பல் என்று கேலி செய்வதுண்டு. சூரியனுக்குக் கொடுக்கும் மரியாதை என்று நாங்கள் சொல்வோம்.

இப்போது நெருப்பை எங்கே வைப்பது? முதலில் காற்றைப் பார்க்கவேண்டும். ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வடக்கிலிருந்து 'மெல்தெமி' என்னும் காற்று வீசும். பகலில் வலுத்து, பெரும்பாலும் இரவில் அடங்கும். தென்பிரான்சில் 'மிஸ்த்ரால்' என்னும் காற்று வடமேற்கிலிருந்து பாயும். சகாராவிலிருந்து வரும் 'சிரோக்கோ' அனலையும் புழுதியையும் கொண்டுவரும். மெல்தெமி வீசும் தீவில் அடுப்பை மேசைக்கு வடக்கே வைத்தால் புகை முழுவதும் விருந்தினர் கண்ணில். தெற்கே வைத்தால் கடலுக்குப் போகும். ஊர்க் காற்றின் பெயர் தெரியாமல் அடுப்பு கட்டக் கூடாது என்பது இதனால் விளங்கும். காற்றைத் தடுக்க அடுப்பின் மூன்று பக்கமும் தாழ்ந்த கற்சுவர் எழுப்புவது வழக்கம்.

அடுத்தது தூரம். கொடிப் பந்தலுக்கோ, நாணல் பாய்க்கோ, துணிக்கோ கீழே அடுப்பு வைக்கவே கூடாது. ஆகஸ்டு மாதத்து நாணல் காகிதத்தைப்போல் பற்றும். பந்தலிலிருந்து 10 அடியாவது விலகி நிற்பது நல்லது. அப்படியானால் சமைக்கிறவர் வெயிலில்தானே நிற்கவேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பல வீட்டுப் படங்களில் உண்பவர்களுக்குப் பந்தல் இருக்கிறது, சமைப்பவருக்கு இல்லை. நல்ல விடை வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. வீட்டுக்குக் கிழக்கே அடுப்பைக் கட்டினால் மாலையில் வீட்டின் நிழலே அடுப்பின்மேல் விழும். கல் நிழல் தீப்பற்றாது. நாள்தோறும் ரொட்டி, கூழ், காய்கறி என்று சமைத்துவந்த பெண்கள்தாம் இந்த இடத்தைக் கண்டிருப்பார்கள் என்று நாங்கள் எண்ணுகிறோம். திருநாளன்று ஆட்டுக்கறியைச் சுட்டுப் பாராட்டுப் பெறும் ஆடவர்கள் எங்கே நின்றாலும் ஒரு நாள்தானே!

மொட்டைமாடியில் செங்கல் அடுப்பு கட்ட நினைப்பவர்கள் எடையையும் கணக்கிட வேண்டும். செங்கல் கட்டுமானம் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,900 கிலோ வரும். வீட்டுத் தளங்களோ சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ பாரத்தை எண்ணியே வழக்கமாகக் கட்டப்படுகின்றன. ஆகவே பெரிய அடுப்பு தரைக்கு. மாடிக்கு இரும்புத் தட்டடுப்பு. மாடியில் எதைச் செய்தாலும் உபாகமத்தின் கைப்பிடிச் சுவர் முதலில் இருக்கவேண்டும்.

கரியடுப்பில் இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளியாகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. திறந்தவெளியில் அது கலைந்துவிடும். மழைக்கோ குளிருக்கோ பயந்து கனலும் அடுப்பை அறைக்குள் தூக்கிவந்தால், அல்லது நான்கு பக்கமும் துணியால் மூடினால், அது உயிரைக் குடிக்கும். இது எந்த நாட்டுக்கும் பொருந்தும். மலைவாசத் தலங்களில் குளிர்காய அறைக்குள் கரிச்சட்டி வைப்பவர்களுக்கும் பொருந்தும். சாம்பலும் அப்படியே. மேலே வெந்து வெளுத்த சாம்பலின் அடியில் மறுநாளும் கங்கு இருக்கலாம். மூடியுள்ள உலோக வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றவேண்டும்.

2018 ஜூலை 23-ஆம் தேதி ஏதென்ஸுக்குக் கிழக்கே மாத்தி என்னும் கடற்கரை ஊரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. பலத்த காற்று; பைன் மரங்கள்; கடலுக்குப் போகும் வழி குறுகல். 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தோட்டச் சருகை ஒருவர் எரித்ததில் தீ தொடங்கியதாக விசாரணையில் கூறப்பட்டது. கோடைக்காலத்தில் காற்று வலுத்த நாட்களில் திறந்தவெளியில் நெருப்பு மூட்டுவதை அந்நாடுகள் பல இடங்களில் தடை செய்வதன் காரணம் இதுவே. தடை உள்ள நாளில் தக்காளியும், வெள்ளரியும், பாலாடைக்கட்டியும், முதல்நாள் ரொட்டியும்தான் உணவு. அதுவும் குறைவான விருந்தன்று.

நெருப்பு மூட்டக்கூடிய நாளில் என்ன சமைப்பார்கள்? சுவாலை எரியும்போது எதையும் சுடமாட்டார்கள். கரியின்மேல் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகே இரும்புத்தட்டு ஏறும். குளிர்காலத்தில் கொடிமுந்திரியைக் கவாத்து செய்தபோது வெட்டிய குச்சிகளைக் கட்டிக் காயவைத்து விறகாக்குகிறார்கள். கோடையில் நிழல் தந்த கொடியே அடுப்பையும் மூட்டுகிறது. வலென்சியாவில் அகன்ற தட்டையான சட்டியில் அரிசி உணவை ஆரஞ்சு விறகில் சமைப்பது பெயர்பெற்றது. மாலகாக் கடற்கரையில் பழைய படகில் மணலை நிரப்பி, அதில் ஒலிவ விறகை மூட்டி, மத்தி மீன்களை நாணல் குச்சியில் கோத்து மணலில் நட்டுச் சுடுவார்கள். நம் கடற்கரையில் சாளை என்று சொல்லும் மீனின் இனம்தான் அது. போர்த்துகல் மத்தியதரைக் கடலைத் தொடாவிட்டாலும் அதே தட்பவெப்பம் உடையது. அங்கே லிஸ்பன் நகரில் பிறந்த புனித அந்தோனியாரின் திருநாளுக்கு முந்தின இரவில், ஜூன் 12-ஆம் தேதி, தெருவெங்கும் அடுப்பு வைத்து மத்தி மீன் சுடும் மணம் வீசும். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துச் சீடர்களைச் சாப்பிட அழைத்ததை அருளப்பர் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தக் காலை உணவும் திறந்தவெளிச் சமையலே.

கட்டடுப்பு, அதாவது குவிமாடம்போல் செங்கல்லாலோ களிமண்ணாலோ கட்டிய ரொட்டி அடுப்பு, வேறு விதமாக வேலை செய்கிறது. அதில் நெருப்புக்கு மேலே எதுவும் வேகாது. உள்ளேயே இரண்டு மணி நேரம் விறகை எரித்துச் சுவர்களைச் சூடேற்றி, பிறகு தணலை ஒதுக்கிவிட்டு, சுவர் திருப்பித் தரும் வெப்பத்தில் சமைக்கிறார்கள். சூடு மெல்ல மெல்ல இறங்கும். கடுஞ்சூட்டில் தட்டை ரொட்டி சில நிமிடத்தில் வெந்துவிடும். சற்றுத் தணிந்தபின் பெரிய ரொட்டி. அதன்பின் கறியும் காயும். கடைசியில் மிஞ்சும் வெதுவெதுப்பில் ரொட்டித் துண்டுகளைக் காயவைத்து ரஸ்காக்குவார்கள். விறகு அரிதான தீவுகளில் ஒருமுறை மூட்டிய நெருப்பை இப்படிக் கடைசிச் சூடுவரை பயன்படுத்துவார்கள்.

கிரேக்க நாட்டின் சிஃப்னோஸ் தீவு மண்பாண்டங்களுக்குப் பெயர்பெற்றது. அங்கே சனிக்கிழமை மாலை கொண்டைக்கடலைப் பானையை ஊர் அடுப்பில் வைத்துவிடுவார்கள். இரவெல்லாம் அது மெல்ல வேகும். ஞாயிறு காலை கோயிலில் வழிபாடு முடிந்து திரும்பும்போது பானையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை அடுப்படி வேலை இல்லை! பூசைக்குப் புறப்படும் அவசரத்தில் சாம்பார் தாளிக்கும் தாய்மார் இதைக் கவனிப்பார்களாக.

செய்முறை மிக எளிது. கால் படி வெள்ளைக் கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு மண்சட்டியில் போடவேண்டும். இரண்டு பெரிய வெங்காயத்தை வளையமாக அரிந்து சேர்த்து, ஒலிவ எண்ணெய் தாராளமாக ஊற்றி, ஒரு பிரிஞ்சி இலை போட்டு, கடலை மூழ்கி மேலும் இரண்டு விரல் நிற்கும்வரை தண்ணீர் விடவேண்டும். ஒலிவ எண்ணெய் இல்லாதவர்கள் நல்லெண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம். சுவை வேறாக இருக்கும், கெட்டுப்போகாது. மூடியை இறுக்கி, மிகக் குறைந்த தணலில் ஐந்தாறு மணி நேரம் விட்டுவிடலாம். இடையில் ஓரிரு முறை தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். சிஃப்னோஸில் இதற்கென்று மழைநீரைத் தேடிப் பிடிப்பார்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. கடினநீரிலுள்ள கால்சியம் பருப்பின் தோலையும் சதையையும் இறுகச் செய்கிறது. மழைநீரில் அது இல்லை. எலுமிச்சைச் சாற்றைப் பரிமாறும்போதுதான் பிழியவேண்டும். முன்னதாகப் பிழிந்துவிட்டால் புளிப்பு கடலையை வேகவிடாது. விடிய விடிய அடுப்பில் இருந்தாலும் பல்லுக்குக் கடுக்கென்றே இருக்கும்.